சிறார் இல்லங்களில் நடத்தை மேம்பாட்டுத் திட்டம் பலன் தருகிறதா என்பதைத் தரவுகளைக் கொண்டு கண்காணிக்க முடியுமா?

முடியும். பையனை எண்ணுவதை விட்டுவிட்டு நேரத்தையும் இடத்தையும் எண்ணத் தொடங்க வேண்டும்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில் பல வருடம் இருந்தவன். இப்போது சனிக்கிழமைதோறும் கொங்குப் பகுதியில், குற்ற வழக்கில் சிக்கிய சிறார்களை விசாரணை முடியும்வரை வைத்திருக்கும் ஒரு கூர்நோக்கு இல்லத்துக்குத் தன்னார்வலராகப் போகிறேன். முதல் நாள் சம்பவப் பதிவேட்டைப் புரட்டினேன். "சண்டை. எச்சரிக்கப்பட்டான்." "கீழ்ப்படியவில்லை. எச்சரிக்கப்பட்டான்." பக்கம் பக்கமாக இதே பாட்டு. இதை வைத்து யார் அடங்காதவன் என்று பட்டியல் போடலாம். வேறு எதற்கும் உதவாது. கம்பெனியிலும் இன்று இத்தனை பீஸ் பழுது என்று மட்டும் எழுதினால் தையல்காரருக்குத் திட்டுதான் விழும். எந்த லைன், எந்த மிஷின், எத்தனை மணி என்று எழுதினால்தான் மழுங்கிய ஊசி அகப்படும்.

அதனால் நான்கு கட்டங்கள் போட்டோம்: நேரம், இடம், அதற்குச் சற்று முன் நடந்தது, பெரியவர் செய்தது. இரவுப் பணியில் இருந்தவர் தயங்கினார். "கடைசிக் கட்டத்தை எழுதினால் பழி என் மேல்தானுங்க சார் வரும்" என்றார். நியாயமான பயம். இதை வைத்து யாரிடமும் விளக்கம் கேட்கமாட்டேன் என்று கண்காணிப்பாளர் எல்லோர் முன்பும் சொன்ன பிறகுதான் பேனா நகர்ந்தது.

இரண்டு மாதத்தில் தெரிந்துவிட்டது. பாதிக்கு மேற்பட்ட சண்டைகள் மாலை ஐந்து மணிக்கும் ஆறரைக்கும் நடுவில், குழாயடியில். விளையாட்டு முடிந்து அத்தனை பேரும் ஒன்றாகக் குளிக்க வருகிறார்கள். தண்ணீர் வருவது இரண்டு குழாய்களில். குழு குழுவாகப் பிரித்து அனுப்பியதும் மாலைச் சண்டை குறைந்தது. கோபத்தை அடக்கும் பயிற்சி நடத்தி அந்தப் பெருமையை வாங்கிக்கொள்ள நான் தயாராக இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மிச்சமிருந்த சண்டைகள் பெற்றோர் பார்க்க வரும் நாளின் இரவுகளில் நடந்தன. பெரும்பாலும் அன்று யாருமே பார்க்க வராத பையன்கள். அதைக் குழாய் தீர்க்காது. உட்கார்ந்து பேச ஓர் ஆற்றுப்படுத்துநர் வேண்டும்.

அமெரிக்காவில் பள்ளிகளில் வளர்ந்து, பிறகு சிறார் காப்பகங்களுக்கும் போன 'பிபிஐஎஸ்' (PBIS, தண்டிப்பதைவிட நல்ல நடத்தையை ஊக்குவிக்கும் திட்டம்) முறை இதை மூன்று அடுக்காக வைத்திருக்கிறது: எல்லோருக்கும் பொதுவான ஒழுங்கு, சிலருக்குக் கூடுதல் உதவி, வெகுசிலருக்குத் தனித் திட்டம். யார் எந்த அடுக்கு என்பதைப் பதிவேடு சொல்ல வேண்டும், பணியாளரின் எரிச்சல் சொல்லக் கூடாது.

அதை அப்படியே இங்கே இறக்க முடியாது. கூர்நோக்கு இல்லத்தில் இருப்பவர்கள் விசாரணை முடியாதவர்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி அந்த விசாரணை நான்கு மாதத்தில் முடிய வேண்டும். தேவைப்பட்டால் இரண்டு மாதம் கூட்டலாம். ஆகவே பையன்கள் வருவதும் போவதுமாக இருப்பார்கள், தலைக்கணக்கு மாறிக்கொண்டே இருக்கும். உதாரணத்துக்கு, ஒரு மாதம் 30 பேர், 12 சண்டை. அடுத்த மாதம் 15 பேர், 9 சண்டை. குறைந்துவிட்டது என்று அறிக்கை எழுதுவார்கள். இரண்டுக்கும் 30 நாள் என்று வைத்து ஆள்நாளால், அதாவது ஆட்களை நாட்களால் பெருக்கிய எண்ணால், வகுத்துப் பாருங்கள்: நூறு ஆள்நாளுக்கு முதலில் 1.3, அடுத்தது 2. கூடியிருக்கிறது.

கணினியில் ஏற்றும்போது பெயர் வேண்டாம், குறியீட்டு எண் போதும். சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதை அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது. பெயரோடு வரைபடம் போட்டுச் சுவரில் ஒட்டும் ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது.

ஒரு மாதம் இரண்டு வாரத்துக்குச் சண்டையே இல்லை. எனக்கு ஒரே மகிழ்ச்சி, இனிப்புக்கூட வாங்கிப் போனேன். அப்புறம் பார்த்தால், எழுதுகிறவர் விடுப்பில் போயிருக்கிறார், பதிவேடு அவருடைய அலமாரியில் பூட்டிக் கிடந்திருக்கிறது. இப்போது சம்பவம் நடக்காத நாளிலும் "ஒன்றும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறோம். வெற்றுக் கட்டத்தை நான் பூஜ்யமாக எண்ணுவதில்லை.