அறுபது பாட்டு அனுப்பினேன், ஒருத்தரும் கேட்கவில்லை!

கேள்வி: அக்கா, எனக்கு 25 வயது. திருச்சியில் ஒரு வங்கியில் வேலை. போன வருஷம் தற்செயலாக ஆல்வேஸ் என்ற கனடா குழுவின் ‘ஆர்ச்சி, மேரி மி’ பாட்டைக் கேட்டேன். அன்றிலிருந்து இந்த மாதிரி இண்டி, அதாவது பெரிய கம்பெனிகளைச் சாராத குழுக்களின், கிட்டார் பாட்டுகள் மேல் பைத்தியம். ஆனால் ஆப் எடுத்துத் தரும் பாட்டெல்லாம் நாலாவதிலேயே ஒரே மாதிரி ஆகிவிடுகிறது. புதுசாக எப்படித் தேடுவது? இன்னொன்று, எனக்குப் பிடித்த 60 பாட்டை லிஸ்ட் போட்டு ஆபீஸ் குரூப்பில் அனுப்பினேன். நாலு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியதோடு சரி. பாட்டு வரிகளில் பாதி எனக்கே புரிவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.
- வாசகி, திருச்சி

பதில்: கடைசியில் சொன்னதை முதலில் முடித்துவிடுவோம். வரிகள் புரியாதது உங்கள் ஆங்கிலத்தின் குறை இல்லை. 1983-இல் ஆர்.இ.எம். குழுவின் முதல் ஆல்பம் வந்தபோது, அதன் பாடகர் மைக்கேல் ஸ்டைப் என்னதான் பாடுகிறார் என்று அமெரிக்காக்காரர்களே மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். கிட்டாரும் குரலும் பிடித்திருந்தால் போதும், வரிகள் மெதுவாகப் பிடிபடட்டும்.

இப்போது தேடுகிற விஷயம். ஆப் போடுவது ஒரு கணக்கு. இதைக் கேட்டவர்கள் வேறு எதைக் கேட்டார்கள், எது இதே மாதிரி ஒலிக்கிறது என்று பார்த்து எடுத்து வைக்கும். நாலாவது பாட்டில் அலுக்காமல் என்ன செய்யும்? ஓசையை விட்டுவிட்டு ஆட்களின் பின்னால் போய்ப் பாருங்கள். யார் யாரோடு பாடினார்கள், யாருக்கு யார் வாசித்தார்கள், எந்த லேபிள் (இசைத்தட்டு வெளியிடும் நிறுவனம்) வெளியிட்டது. இந்த இசை எல்லா ஊரிலும் சின்ன வட்டம்தான், ஒருவரைப் பிடித்தால் பத்துப் பேர் வருவார்கள்.

உங்கள் ஆல்வேஸிலிருந்தே தொடங்குவோம். 2017-இல் வந்த ‘ஆன்டிசோஷலைட்ஸ்’ ஆல்பத்தில் ‘லாலிபாப்’ என்று ஒரு பாட்டு. தலைப்பை ஒட்டியே ஜிம் என்று ஒரு பெயர் இருக்கும். ஸ்காட்லாந்தின் ஜீசஸ் அண்ட் மேரி செயின் குழுவில் பாடும் ஜிம் ரீட்தான் அவர். ஆல்வேஸின் மோலி ராங்கின் அவர்களோடு மேடையேறி ‘ஜஸ்ட் லைக் ஹனி’ பாடியிருக்கிறார், அதிலிருந்து வந்த பாட்டு இது. சரி, அந்த ‘ஜஸ்ட் லைக் ஹனி’யைப் போடுங்கள். 1985-இல் வந்தது. ஆரம்பத்தில் டிரம் மட்டும்தான்: டும், ட-டும், டிஷ். ரோனெட்ஸ் என்ற பெண்கள் குழுவின் 1963-ஆம் வருஷத்து ‘பீ மை பேபி’யிலிருந்து அப்படியே தூக்கிய தாளம் அது. வாசித்த பாபி கில்லெஸ்பி ஸ்டூலில் உட்கார மாட்டார். நின்றுகொண்டே, இரண்டே டிரம்மை வைத்துச் சமாளிப்பார். அந்தப் பாட்டுக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை.

அந்த பாபியின் சொந்தக் குழு பிரைமல் ஸ்க்ரீம். அவர்களுடைய ‘வெலாசிட்டி கேர்ள்’ ஒன்றரை நிமிடம்கூட ஓடாது. கிட்டார் கலகலவென்று வந்து, ஒரு மெட்டைக் கொடுத்துவிட்டு, நீங்கள் சுதாரிப்பதற்குள் போய்விடும். ஒரு சிங்கிளின், அதாவது ஒற்றைப் பாட்டுத் தட்டின், பின்பக்கத்தில் கிடந்த இந்தப் பாட்டுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு கேசட். 1986-இல் இங்கிலாந்தின் என்.எம்.இ. வார இதழ், 22 குழுக்களின் பாட்டைத் தொகுத்து ‘சி86’ என்று வெளியிட்டது. அதில் முதல் பாட்டே இதுதான். பிறகு அந்தக் கேசட்டின் பெயரையே ஒரு இசை வகைக்கு வைத்துவிட்டார்கள். ஷாப் அசிஸ்டென்ட்ஸ், பாஸ்டல்ஸ், வெட்டிங் பிரசென்ட் மூன்றையும் முதலில் கேளுங்கள். மிச்சத்தில் பாதி வேறு திசையில் கத்திக்கொண்டிருக்கும். எனக்கும் அது ஒத்து வராது, தாண்டிப் போகலாம்.

ஆல்வேஸிலிருந்து அங்கே வந்து சேர நாலே பெயர்தான் ஆனது, பார்த்தீர்களா?

லேபிளைப் பிடித்துக்கொண்டு போவது இதைவிடச் சுலபம். பிரிஸ்டலில் 1987-இல் கிளேர் வாட், மாட் ஹேன்ஸ் என்ற இருவர் சாரா ரெக்கார்ட்ஸ் தொடங்கினார்கள். முதல் வெளியீடு சீ அர்ச்சின்ஸ் குழுவின் ‘பிரிஸ்டீன் கிறிஸ்டீன்’. வெளியீடுகளுக்கு வரிசையாக எண் போட்டுக்கொண்டே வந்து, 1995-இல் 100-ஐத் தொட்டதும் கடையை மூடிவிட்டார்கள். நஷ்டப்பட்டு மூடவில்லை, போதும் என்று மூடினார்கள். அந்தக் காலத்து இசை இதழ்களில் பல அவர்களை அழுமூஞ்சிகள் என்று கேலி செய்தன. ஃபீல்ட் மைஸ் குழுவின் ‘எம்மாஸ் ஹவுஸ்’ கேட்டுவிட்டு யார் பக்கம் நியாயம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆனால் உங்களுக்கு ஒரே ஒரு லேபிள்தான் சொல்ல வேண்டும் என்றால் நான் நியூசிலாந்துக்குப் போவேன். கிறைஸ்ட்சர்ச்சில் 1981-இல் ரோஜர் ஷெப்பர்ட் தொடங்கிய ஃப்ளையிங் நன். அதே வருஷம் டனீடின் ஊரிலிருந்து வந்த க்ளீன் என்ற குழு 50, 60 டாலர் செலவில் ‘டாலி ஹோ’வைப் பதிவு செய்தது. அது அந்த நாட்டுத் தரவரிசையில் 19-ஆம் இடம் வரை போனது. கிட்டார் குழுதான், ஆனாலும் பாட்டைத் தூக்கி நிறுத்துவது கீச்சென்று ஒலிக்கும் ஒரு மலிவான ஆர்கன். அதை வாசித்தவர் மார்ட்டின் ஃபிலிப்ஸ். அவர் பின்னால் போனால் சில்ஸ் என்ற குழுவும், ‘பிங்க் ஃப்ராஸ்ட்’ என்ற பாட்டும் கிடைக்கும்.

இதை மட்டும் ஹெட்போனில், ராத்திரி கேளுங்கள். முதல் சில விநாடிகள் கிட்டார் துள்ளிக்கொண்டு வரும், உற்சாகமான பாட்டு என்று ஏமாந்துவிடுவோம். சட்டென்று அது அடங்கி, வேறொரு கிட்டார் சுழன்று சுழன்று உள்ளே நுழையும். முதலில் வந்த துள்ளல் அப்புறம் திரும்பவே திரும்பாது. அசைவில்லாமல் கிடக்கும் காதலியின் பக்கத்தில் ஒருவன் என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கிறான், அதுதான் பாட்டு. 1982-இல் பதிவு செய்தது 1984-இல்தான் வெளியானது. இடையில் 1983-இல், அதில் டிரம் வாசித்த மார்ட்டின் புல் ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனார். அவர் விட்டுப்போன தோல் ஜாக்கெட்டைப் பற்றி ஃபிலிப்ஸ் 1986-இல் தனியாக ஒரு பாட்டே வெளியிட்டார். ‘ஐ லவ் மை லெதர் ஜாக்கெட்’ என்று தேடுங்கள். இறந்த நண்பனைப் பற்றியது என்று சொன்னால் ஒழியத் தெரியாது, அவ்வளவு குஷியாக ஓடும்.

தேட இன்னொரு இடம், குழுக்களின் பாட்டைக் காசு கொடுத்து வாங்கும் பேண்ட்கேம்ப் இணையதளம். ஆல்பத்தின் பக்கத்தில், அதை வாங்கியவர்களின் சின்னச் சின்னப் படங்கள் இருக்கும். ஒன்றைத் தொட்டால் அவர் வேறு என்னவெல்லாம் வாங்கியிருக்கிறார் என்று தெரியும். காசு கொடுத்து வாங்கியவரின் ரசனை, ஆப்பின் சிபாரிசைவிட நம்பகமானது.

இனி அந்த ஆபீஸ் குரூப். 60 பாட்டு என்றால் கிட்டத்தட்ட மூன்றரை மணி நேரம். மாசக் கடைசியில் வங்கியில் யாருக்கு அந்த நேரம் இருக்கிறது? அதைவிட, குரூப்பில் போட்டது யாருக்கும் போட்டதாக ஆகாது. எல்லாருக்கும் என்றால் எனக்கு இல்லை என்றுதான் ஒவ்வொருவரும் நினைப்பார்கள். சி90 கேசட்டில் நண்பருக்குப் பாட்டுப் பதிந்து கொடுத்த காலத்தில், 90 நிமிடம் பதிய 90 நிமிடம் உட்கார வேண்டும். வாங்குகிறவருக்கு அது தெரியும். அதற்காகவாவது ஒரு தடவை முழுசாகக் கேட்பார்.

எனவே ஒரு பாட்டு, ஒரு ஆள். ஆளை முதலில் யோசியுங்கள், பாட்டு பிறகு. மாசம் தவறாமல் ஊருக்குப் பஸ் ஏறும் தோழி யாராவது இருந்தால் கோ-பிட்வீன்ஸ் குழுவின் ‘கேட்டில் அண்ட் கேன்’ அனுப்புங்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தைச் சேர்ந்த அந்தக் குழுவின் கிராண்ட் மெக்லென்னன் லண்டனில் இருந்தபோது, நிக் கேவ் என்ற பாடகரின் கிட்டாரை எடுத்து எழுதிய பாட்டு. கரும்புக் காடு, வீட்டுக்குத் திரும்பும் பள்ளிப் பையன், அப்பாவின் கைக்கடிகாரத்தைத் தொலைத்தது என்று ஊர் நினைவாகவே போகும். தாளம் மட்டும் நாலு நாலாக எண்ண விடாது, கால் தட்டினால் தப்பும். ‘இளைய நிலா’வில் வரும் கிட்டாரை வாயாலேயே வாசித்துக் காட்டும் ஆள் ஒருவர் எல்லா ஆபீஸிலும் இருப்பாரே, அவருக்கும் இது பிடிக்கலாம்.

அனுப்பும்போது “செமயா இருக்கும், கேளு” என்று எழுதாதீர்கள். எல்லாரும் எல்லாவற்றுக்கும் அதைத்தான் எழுதுகிறார்கள். “அப்பா வாட்சைத் தொலைச்ச இடம் வரும், அது வரைக்கும் கேளு” என்று ஒரு வரி போதும். இரண்டு நாள் கழித்துக் கேட்டாயா என்று துரத்தவும் வேண்டாம். பதிலுக்கு உனக்குப் பிடித்த ஒன்றை அனுப்பு என்று கேளுங்கள். அவர் கானா பாட்டு அனுப்பினாலும் சரி, ஐயப்பன் பாட்டு அனுப்பினாலும் சரி, கடைசி விநாடி வரை கேட்டுவிட்டு, எந்த இடம் பிடித்தது என்று பதில் எழுதுங்கள். அடுத்த பாட்டை அதற்கப்புறம் அனுப்பலாம்.