முற்றத்து நெருப்புக்குக் குழி வெட்டலாமா?

வணக்கம் அண்ணா,

நாங்கள் விசுவமடுவில் இருக்கிறோம். வீட்டின் பின்பக்கம் முப்பதடி நீளம், இருபதடி அகலத்துக்குச் சீமெந்து போட்டு, ஒரு தலைப்பில் கிடுகால் பத்தி இறக்கியிருக்கிறோம். மார்கழி, தை மாதங்களில் அப்பா இரவு ஒன்பது மணிவரை அங்கேதான் இருப்பார். 76 வயது. பனி விழத் தொடங்கினால் இழுப்பும் வரும். கனடாவில் இருக்கும் அண்ணா, குடை மாதிரி நிற்கும் காஸ் ஹீற்றர் ஒன்றைக் கப்பல் பொதியில் போட்டுவிடுகிறேன் என்கிறார். என் கணவரோ அது வீண்செலவு, பக்கத்து மண்ணில் இரண்டடிக் குழி வெட்டிக் கல் அடுக்கினால் போதும் என்கிறார். எதைச் செய்வது? புகையில்லாமல் எரிக்க வழி உண்டா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

இரண்டும் வேண்டாம். காலில் நிற்கும் இரும்புச் சட்டி ஒன்று செய்வியுங்கள். ஆனால் குழியைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும், அதுதான் அவசரம்.

வன்னியில் திறந்த மண்ணில் குழி வெட்டி நெருப்பு மூட்டாதீர்கள். கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த காணியென்றாலும் இதையே சொல்வேன். 2009 வரை நடந்த சண்டையில் விழுந்து வெடிக்காமல் போனவை இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன. வளவு துப்புரவாக்கிக் குப்பை கொளுத்தியபோது வெடித்து ஆட்கள் காயப்பட்டது நம் பக்கத்தில் நடந்த விடயம். ஒரே இடத்தில் இரவுக்கு இரண்டு மணித்தியாலம் நெருப்பு எரிந்தால் சூடு மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போகும். மண்வெட்டிக்குத் தப்பியது சூட்டுக்குத் தப்பாது. பள்ளம் நிரவ வெளியிலிருந்து ஏற்றிக் கொட்டிய மண்ணென்றால், அது எந்தக் காணியின் மண் என்பதே தெரியாது. தூர்ந்துபோன பதுங்குகுழி இருந்த இடமென்றால் கிட்டவே போகவேண்டாம். சந்தேகமான பொருள் எதையாவது கண்டால் தொடாமல், போன வழியாலேயே திரும்பி வந்து, 119க்கு அழையுங்கள். கிராம அலுவலருக்கும் சொல்லுங்கள்.

இந்தப் பயம் இல்லாத இடத்திலும் குழி சரிவராது. உங்களுக்கு நெருப்புத் தேவைப்படுவதே மாரி பெய்து ஓயும் காலத்தில். அப்போது நிலம் ஊறிக் கிடக்கும், இரண்டடியில் தண்ணீர் நிற்கும். அடுக்கிய கல்லும் ஈரம் குடித்திருக்கும். ஆற்றுக்கல்லும் சீமெந்துக்கல்லும் உள்ளீரத்தோடு சூடேறினால், உள்ளே ஆவி அடைபட்டுச் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். சுற்றி இருப்பவர்களின் கண்ணுக்கு ஆபத்து.

காஸ் ஹீற்றருக்குக் கணக்கு எளிது. அந்தக் குடை ஹீற்றர்கள் பெரும்பாலும் 12 கிலோவாற் அளவில் எரிபவை, மணிக்கு ஏறக்குறைய 900 கிராம் காஸ் குடிக்கும். 12.5 கிலோ சிலிண்டர் பதின்மூன்று, பதினான்கு மணித்தியாலத்தில் முடியும். இரவுக்கு இரண்டு மணித்தியாலம் போட்டால் ஒரு கிழமைதான். அங்கத்தைய ஹீற்றர் புறொப்பேனுக்குச் செய்யப்பட்டது. நம் சிலிண்டரில் இருப்பது புறொப்பேனும் பியூற்றேனும் கலந்த காஸ். வாயும் வேறு, றெகுலேற்றரும் வேறு. இடையில் ஏதாவது மாட்டிப் பொருத்தினால் கசியும். தலைப்பகுதி கொதிக்கும் அந்தச் சாமானைக் கிடுகுப் பத்திக்குக் கீழே வைப்பதை நினைத்தும் பார்க்க முடியாது. அண்ணா மின்சார ஹீற்றர் அனுப்பினாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். கனடாவில் 120 வோல்ற், இங்கே 230. போட்ட உடனேயே கருகும்.

இனிச் சட்டி. உழவு இயந்திரத்தின் டிஸ்க் கலப்பையில் தேய்ந்துபோன தட்டு ஒன்று தேடுங்கள். 24 முதல் 26 அங்குல அகலமுள்ளது போதும். கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ பழைய இரும்புக்கடையில் கேட்டுப்பாருங்கள். கால் அங்குலத்துக்குக் கிட்டிய தடிப்பு இருப்பதால் வருடக்கணக்கில் சூட்டைத் தாங்கும். ஆனால் அந்தத் தட்டில் நேரடியாகக் காலை ஒட்ட விடாதீர்கள். அது கடினப்படுத்திய உருக்கு. சாதாரணமாக வெல்டிங் பண்ணினால் ஒட்டின இடத்துக்குப் பக்கத்தில் வெடித்து, ஒருநாள் தணலோடு கால் கழன்றுவிடும். 12 மில்லிமீற்றர் கம்பியை 18 அங்குல வளையமாக வளைத்து, அதில் ஓரடி உயரத்தில் 16 மில்லிமீற்றர் கம்பிக் கால் மூன்று ஒட்டச் சொல்லுங்கள். தட்டு அந்த வளையத்துக்குள் சும்மா இருக்கட்டும். நான்கு கால் கேட்கவேண்டாம், மூன்று கால்தான் எந்தத் தரையிலும் ஆடாது. தட்டின் நடுத்துளைக்கு மேல் உள்ளங்கை அளவு தகடு ஒன்றை வையுங்கள், தணல் கீழே விழாது. எரிக்காத நாளில் அந்தத் தகட்டை எடுத்துவிட்டுத் தட்டைக் கவிழ்த்து வையுங்கள். மழைத்தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்புக்கு இடம் கொடுத்ததாகிவிடும்.

இரும்புக்கடையில் வேறு சாமான்களையும் காட்டுவார்கள். நாகமுலாம் பூசிய வாளி, தகரம் எதுவும் வேண்டாம், சூடேறினால் வரும் வெள்ளைப் புகை நெஞ்சுக்குக் கேடு. எண்ணெய் இருந்த பீப்பாயை வெட்டவும் சம்மதிக்காதீர்கள், உள்ளே நிற்கும் ஆவி வெட்டும்போதே வெடிக்கும். என்னவென்று தெரியாத கோது, குழாய் எதையும் வாங்கவே கூடாது.

வைக்கும் இடத்தில் கவனம் வேண்டும். வெறும் சீமெந்துத் தரைமேல் வைத்தால் தரை வெடித்துப் பொருக்காகக் கிளம்பும். நாலடிக்கு நாலடி இடத்தில் ஓரங்குலம் காய்ந்த மணல் பரப்பி, மேலே செங்கல்லைப் படுக்கையாக அடுக்குங்கள். 65 கல் போதும். கிடுகிலிருந்து குறைந்தது இருபதடி, சுவரிலிருந்து பத்தடி தள்ளி இருக்கவேண்டும். மேலே மாங்கொப்போ வேப்பங்கொப்போ நிற்கக்கூடாது. மார்கழி, தையில் வாடை வடகிழக்கிலிருந்து வரும், பொறியும் புகையும் தென்மேற்குப் பக்கம் போகும். ஆகவே கதிரைகளை வடகிழக்குப் பக்கம் போடுங்கள். உங்கள் பத்தி தென்மேற்குத் தலைப்பில் இருந்தால், முன்பக்க இரண்டு நிரைக் கிடுகையாவது கழற்றித் தகரம் போடும்வரை காற்றுள்ள இரவில் நெருப்பு மூட்டாதீர்கள். கச்சான் வீசும் மாதங்களில் மூட்டவே வேண்டாம், அப்போது புல்லும் வேலியும் பஞ்சாய்க் கிடக்கும்.

புகையைப் பற்றிக் கேட்டீர்கள். புகை என்பது எரியாமல் தப்பிப்போகும் விறகு. அதற்கு முக்கிய காரணம் ஈரம். மாசியில் வெட்டி, மணிக்கட்டுத் தடிப்புக்குக் கொத்தி, நிலத்தில் படாமல் தடிமேல் அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டுப் பக்கங்களைத் திறந்துவிட்டால் மார்கழிக்குச் சரியாக இருக்கும். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று கேட்டால் காய்ந்தது, ‘தொப்’ என்றால் இல்லை. பாலை, வீரை, புளி எதுவானாலும் தணல் நின்று பிடிக்கும். சிரட்டையும் ஊமலும் இன்னும் நல்லது. காவோலையை இந்தச் சட்டியில் போடாதீர்கள், எரிந்த துண்டு பறந்துபோய்க் கூரையில் விழும்.

மூட்டும்போது தடித்த விறகு இரண்டைக் கீழே இடைவெளி விட்டு வையுங்கள். அதன் குறுக்கே மெல்லிய கொள்ளி ஏழெட்டு, அதற்கு மேல் சிரட்டை, எல்லாவற்றுக்கும் மேல் பன்னாடை. நெருப்பை மேலே வைத்தால் கீழிருந்து எழும் புகை சுவாலைக்குள்ளால் போய் எரிந்துவிடும். பிறகு பதினைந்து நிமிடத்துக்கு ஒரு துண்டு போதும். தட்டு ஆழமில்லாதது, விளிம்புக்கு மேல் குவித்தால் தணல் வெளியே சரியும். மண்ணெண்ணெய், பெற்றோல் எதையும் எரியும் நெருப்பில் ஊற்றக்கூடாது. அலரி, கள்ளி, களப்பு ஓரத்துத் தில்லை ஆகியவற்றின் புகை நஞ்சு. பழைய றெயில் சிலிப்பர்கட்டை தார் எண்ணெய் ஊறியது, அதையும் பெயின்ற் அடித்த பலகையையும் ஒதுக்குங்கள்.

அப்பாவைப் பற்றி மனதில் உள்ளதைச் சொல்கிறேன். இழுப்பு உள்ளவருக்குப் புகையில்லாத விறகு நெருப்பு என்று ஒன்று கிடையாது, குறைந்த புகைதான் உண்டு. சுவாலை அடங்கித் தணலான பிறகு அவரைக் கூட்டிவந்து, ஐந்தடி தள்ளி இருத்துங்கள். வெளியில் நெருப்பு காற்றைச் சூடாக்காது, சூடு முகத்துக்கும் நெஞ்சுக்கும் நேரே வந்து படும், முதுகு குளிர்ந்தபடியே இருக்கும். முதுகுக்குக் கம்பளியும் காலுக்கு மேஸும் கட்டாயம் வேண்டும். நெஞ்சு இறுகின நாளில் நெருப்புப் பக்கமே வேண்டாம். அண்ணா காசு அனுப்பினால் இங்கேயே 1,200 வாற் குவாட்ஸ் ஹீற்றர் ஒன்று வாங்கி வீட்டுக்குள் வையுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு 2.4 யுனிற் போகும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் கொடுக்காமல் சுவர்ப் பிளக்கிலேயே கொடுங்கள்.

இதை மட்டும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்: மிஞ்சின தணலை அறைக்குள்ளோ, படங்கு கட்டி மூடின பத்திக்குள்ளோ கொண்டுபோகக்கூடாது. பிள்ளை பெற்ற வீடுகளில் தணல்சட்டி வைக்கும் வழக்கம் இருப்பதால் அது பாதுகாப்பென்று பலர் நம்புகிறார்கள். தணலிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நித்திரையிலேயே உயிர் போகும்.

படுக்கப் போகமுன் காய்ந்த மணல் ஒரு வாளி கொட்டித் தணலை மூடுங்கள். கொதிக்கும் தட்டில் தண்ணீர் ஊற்றினால் ஆவி முகத்தில் அடிக்கும். சாம்பலுக்குள் தணல் அடுத்த நாள் மத்தியானம்வரையும் உயிரோடு கிடக்கலாம். ஆகவே பிளாஸ்ரிக் வாளியில் அள்ளவேண்டாம், ஆறின பிறகு தென்னைக்குப் போடுங்கள்.