குதிரைக்குப் பின்னால் ஹார்ன் வேண்டாம், தங்கச்சி

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனிக்கும் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகவும், கிராமத்துச் சாலையில் முன்னால் குதிரைகள் போனால் ஹார்ன் அடித்து ஒதுங்கச் சொல்லலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

ஹார்னைத் தொடவே தொடாதீர்கள். நம் ஊரில் ஹார்ன் அடிப்பது 'நான் வர்றேன், பார்த்துக்கோங்க' என்று சொல்வது. லாரிக்குப் பின்னாலேயே அடிக்கச் சொல்லி எழுதியிருக்கும். அந்தப் பழக்கம் கையில் ஊறியிருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் குதிரை பயந்தால் ஓடுகிற பிராணி. நேர் பின்னால் இருப்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. அங்கிருந்து திடீரென்று சத்தம் வந்தால், அரை டன் எடையுள்ள அந்த உடம்பு எந்தப் பக்கம் பாயும் என்று மேலே இருப்பவருக்கே தெரியாது. மேலே இருப்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

2022 ஜனவரியில் திருத்திய ஹைவே கோட், அதாவது பிரிட்டனின் சாலை விதிப் புத்தகம், சொல்வது இதுதான்: குதிரையைத் தாண்டும்போது வேகம் மணிக்கு 10 மைலுக்குள், இடைவெளி குறைந்தது 2 மீட்டர். 10 மைல் என்றால் நம் கணக்கில் 16 கிலோமீட்டர். 2 மீட்டர் என்பது சின்னக் கார் ஒன்றின் அகலத்தைவிடக் கொஞ்சம் அதிகம். வேலி நெருக்கும் ஒற்றைப் பாதையில் அவ்வளவு இடம் கிடைக்காது. அப்போது தாண்டாதீர்கள், நன்றாகத் தள்ளிப் பின்னாலேயே போங்கள். வழியில் ஏதாவது வயல் கேட் வந்தால் பெரும்பாலும் அவர்களே ஒதுங்கி வழி விடுவார்கள். அடுத்த வீட்டுக்கு நேரமாகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும். பரவாயில்லை. வண்டியை நிறுத்திய பிறகு ஆபீஸுக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

இரண்டு குதிரைகள் ஜோடியாகப் போனால் திமிர் என்று நினைக்காதீர்கள். பழகாத குதிரையையோ சிறு பிள்ளையையோ உட்பக்கம் வைத்துப் பாதுகாத்துக் கூட்டிப்போவார்கள். விதியும் அதை அனுமதிக்கிறது. சவாரி செய்பவர் கையை நீட்டி மேலும் கீழும் அசைத்தால் வேகத்தைக் குறையுங்கள் என்று அர்த்தம். குதிரை மிரள்வது தெரிந்தால் நின்றுவிடுங்கள், எஞ்சினையும் அணைத்துவிடுங்கள். தாண்டிய உடனே ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் தூரம் போன பிறகு மெல்ல வேகம் கூட்டுங்கள். கம்பெனி எலக்ட்ரிக் கார் கொடுத்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், நீங்கள் வருவதே அவர்களுக்குக் கேட்காது.

ரவுண்டானாவில் குதிரைக்காரர் வலப்பக்கம் போவதாக இருந்தாலும் இடது ஓரமாகவே சுற்றி வருவார். அவர் கையைப் பார்த்துக் காத்திருங்கள்.

ஹாம்ப்ஷயரில் உள்ள நியூ ஃபாரஸ்ட் காட்டுப் பகுதிப் பக்கம் டியூட்டி விழுந்தால் அங்கே ஆளே இல்லாமல் போனிகள் (சின்னக் குதிரைகள்) சாலையில் திரியும். வேலியில்லாத சாலைகளில் மணிக்கு 40 மைல்தான் வரம்பு. இருட்டிய பிறகு அதுவும் அதிகம் என்பது என் எண்ணம். எவ்வளவு கவனித்தும் மோதிவிட்டால் கட்டாயம் நிற்க வேண்டும். பெயர், முகவரி, வண்டி எண் கொடுக்க உரியவர் அங்கே இல்லையென்றால், 24 மணி நேரத்துக்குள் போலீஸில் தெரிவிக்க வேண்டும், அதுதான் சட்டம்.