படர்தாமரை போய்ப் போய்த் திரும்புகிறதா? டியூபில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

கேள்வி: பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். எட்டு மாதமாகத் தொடை இடுக்கில் படர்தாமரை. மெடிக்கலில் தரும் கிரீமைப் போட்டால் இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிடுகிறது. நிறுத்தினால் முன்பைவிடப் பெரிதாக வருகிறது. இப்போது மனைவிக்கும் இடுப்பில் வந்துவிட்டது. என்ன செய்வது?
- திருப்பூர் வாசகர்

பதில்: அந்த 'இரண்டே நாள்'தான் எனக்குக் கவலை தருகிறது. பூஞ்சையைக் கொல்லும் மருந்து அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. அந்த வேகம் பெரும்பாலும் ஸ்டீராய்டுடையது.

டியூபை எடுத்து, பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்ளோமெத்தசோன், மொமெட்டசோன் இவற்றில் ஒன்று இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஸ்டீராய்டு, பூஞ்சையோடு போராடும் தோலின் எதிர்ப்பை அடக்குகிறது. அதனால்தான் சிவப்பும் அரிப்பும் குறைகின்றன. பூஞ்சையோ தடையில்லாமல் பரவுகிறது. தொடை இடுக்கின் தோல் மெல்லியது. மருந்தை அதிகமாக உறிஞ்சும். மாதக்கணக்கில் பூசியவர்களுக்கு அங்கே வரிவரியாக விழும் தழும்பு பிறகு முழுதாக மறைவதே இல்லை. 2018-இல் மத்திய அரசு இத்தகைய பல களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவற்றில் சேர்த்தது. ஆனாலும் கேட்டவுடன் கிடைக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

நிறுத்திய சில நாள் அரிப்பு கூடும். பயந்து மறுபடி அதையே பூசாதீர்கள். அதைத் தாங்க மாத்திரை தருவோம்.

தோல் மருத்துவரிடம் போனால், படையின் ஓரத்தைப் பிளேடால் லேசாகச் சுரண்டி, அந்தச் செதிலைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டுவிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார். கிளைவிட்ட நூலிழை போலப் பூஞ்சை தெரியும். வலியில்லாத பரிசோதனை.

உங்களைப் போல நாள்பட்டவர்களுக்குக் களிம்பு மட்டும் போதாது. டெர்பினாஃபின் மாத்திரைக்கு மசியாத பூஞ்சை இப்போது இந்தியாவில் பரவலாக இருப்பதால், பெரும்பாலும் இட்ராகொனசோல்தான் எழுதுகிறோம். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே விழுங்க வேண்டும். அசிடிட்டி மாத்திரையோடு சேர்த்தால் உடம்பில் சேராது. இதய பலவீனம், கல்லீரல் கோளாறு இருந்தாலோ, கொழுப்புக்கு மாத்திரை சாப்பிட்டாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். பூஞ்சைக் களிம்பைப் படையைத் தாண்டி இரண்டு விரல் அகலத்துக்குப் பூசுங்கள். தோல் தெளிந்த பிறகும் குறைந்தது இரண்டு வாரம் தொடருங்கள். பாதியில் விடுகிறவர்களே திரும்பி வருகிறார்கள்.

இன்னொன்று, அரைஞாண் கயிறு. கழற்றச் சொன்னால் பலருக்கு மனம் வராது, புரிகிறது. ஆனால் வியர்வையில் ஊறிய அந்தக் கயிற்றில் பூஞ்சை தங்கும். குணமானதும் புதிதாகக் கட்டிக்கொள்ளுங்கள். துண்டு, உள்ளாடை, படுக்கை விரிப்பு ஆளுக்குத் தனித்தனியாக இருக்கட்டும். வெந்நீரில் துவைத்து, உட்புறம் வெளியே தெரியும்படி வெயிலில் காயப்போடுங்கள். ஜீன்ஸ் வேண்டாம்; தளர்வான பருத்தி உடுத்துங்கள்.

மனைவியையும் ஒரே நாளில் அழைத்துப் போங்கள். ஒருவர் மட்டும் குணமானால் மற்றவரிடமிருந்து மீண்டும் தொற்றும். அவர் கர்ப்பமாக இருந்தாலோ, பால் கொடுத்தாலோ மாத்திரை எழுதுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பழைய டியூபையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.