ஒரே உடலில் பல ஆளுமைகள் என்றால், அவற்றுள் உண்மையான ‘நான்’ யார்?

கேள்வி கேட்டவர் அறிய விரும்புபவை இரண்டு. ‘மல்டிபிள் பர்சனாலிட்டி’ என்று பரவலாக அழைக்கப்படும் நிலையில் இருப்பவரிடம் வெளிப்படும் ஆளுமைகளுள் உண்மையானது எது? சிகிச்சையில் அவை ஒன்றிணைந்தால் மற்றவை அழிந்துவிடுமா? என் நெருங்கிய உறவினர் ஒருவர் இந்த நோயறிதலோடு வாழ்கிறார். அவருடைய ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன்.

முழுமையான மனிதர்கள் பலர் ஓர் உடலுக்குள் இருப்பதாக நாம் எண்ணிக்கொள்வதால்தான் முதல் கேள்வி எழுகிறது. உண்மை நிலை ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது. ஒருவருக்குள் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டிய நினைவும் உணர்ச்சியும் உடலுணர்வும் தன்னைப் பற்றிய எண்ணமும், சேராமல் தனித்தனித் தொகுதிகளாக நின்றுவிடுகின்றன. 1980இல் இதைப் பல ஆளுமைக் கோளாறு என்று பட்டியலிட்ட அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு, 1994இல் அப்பெயரைக் கைவிட்டு, விலகல் சார்ந்த அடையாளக் கோளாறு என்று மாற்றியது. ஒன்றுக்கு மேற்பட்ட ஆளுமைகள் இருப்பதல்ல சிக்கல், முழுமையான ஓர் ஆளுமைகூட அமையாததே சிக்கல் என்பது மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல் வலியுறுத்திய கருத்து. நான் படித்தவற்றுள் இந்த நோயை எனக்குச் சரியாகப் புரியவைத்தது இதுதான்.

‘நான்’ என்னும் ஒருமை பிறவியிலேயே கிடைத்துவிடுவதில்லை. பசி, அழுகை, உறக்கம், விளையாட்டு என்று நிலைமாறிக்கொண்டே இருக்கும் குழந்தை, தன்னைப் பேணுபவர் அத்தனை நிலைகளிலும் பரிவோடு துணைநிற்கும்போதுதான் அவற்றையெல்லாம் தன்னுடையவையாகக் கோத்துக்கொள்ளக் கற்கிறது. பேணுபவரே வதைப்பவராகவும் இருந்துவிட்டால் அந்தக் குழந்தை என்ன செய்யும்? அவரை நம்பியே உயிர்வாழ வேண்டும். அதே ஆளுக்கு அஞ்சியும் ஆகவேண்டும். இரண்டையும் ஒரே மனத்தில் தாங்க முடியாதபோது, அச்சத்தைத் தாங்கும் பகுதி அன்பைத் தாங்கும் பகுதியிலிருந்து விலகி நிற்கிறது. இந்நோயறிதல் பெற்றவர்களுள் மிகப் பெரும்பாலானோர் இளம் வயதில் நீடித்த வன்கொடுமைக்கோ கைவிடலுக்கோ ஆளானதாகக் கூறுகிறார்கள்.

திரைப்படங்களில் வருவதுபோல் குரலும் நடையும் சட்டென மாறுவது அரிது. தான் எழுதியதாக நினைவில்லாத பக்கம் தன் கையெழுத்திலேயே இருப்பதும், இடையில் சில மணிநேரம் காணாமல் போயிருப்பதும், உள்ளிருந்து குரல்கள் கேட்பதும்தான் வழக்கமான அனுபவங்கள். குரல்கள் கேட்பதால் மனச்சிதைவு என்று தவறாகக் கருதப்பட்டு, பல ஆண்டுகள் பொருந்தாத சிகிச்சையில் கழித்தவர்கள் உண்டு. “கோபம் வந்தது, ஆனால் எனக்கு வரவில்லை, அது வருவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்” என்று என் உறவினர் ஒருமுறை சொன்னார். நினைவு இழப்பைவிட, தன் உணர்ச்சி தன்னுடையதாகத் தோன்றாத இந்த நிலைதான் அவரை அதிகம் வருத்தியது.

இது நடிப்பு, அல்லது சிகிச்சையாளர்களின் தூண்டுதலால் உருவானது என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். நிக்கோலஸ் ஸ்பானோஸ் போன்ற உளவியலாளர்கள் முன்வைத்த இந்த ஐயத்தை முற்றிலும் தள்ளிவிட முடியாது. அறிதுயிலைப் (ஹிப்னாசிஸ்) பொறுப்பின்றிக் கையாண்டு பொய்யான நினைவுகளை விதைத்த சிகிச்சையாளர்கள் இருந்திருக்கிறார்கள். ஓர் ஆளுமை கற்றது மற்றொன்றுக்கு நினைவில்லை என்று நோயாளி கூறினாலும், மறைமுகச் சோதனைகளில் அந்தக் கற்றலின் தடயம் வெளிப்படுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இதைச் சிலர் பொய்யின் சான்றாகக் கொள்கிறார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. மூளை ஒன்றே, பதிவும் ஒன்றே, அந்தப் பதிவை ‘என்னுடையது’ என்று உணரும் வழி மட்டுமே அடைபட்டிருக்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது.

ஒருவரை அதே நபராக ஆக்குவது நினைவின் தொடர்ச்சியே என்று 1694இல் எழுதிய ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக், பகலில் ஓர் உணர்வும் இரவில் தொடர்பற்ற மற்றோர் உணர்வும் ஓர் உடலை இயக்கினால் அங்கே இருப்பவர் இருவர் என்று கொள்ளவேண்டும் என்றார். அந்த அளவுகோலை இவர்கள்மீது வைக்க எனக்கு மனமில்லை. விலகி நிற்கும் பகுதிகள் ஒரே வாழ்க்கையின் காயங்களைப் பங்கிட்டுச் சுமக்கின்றன. ஒன்று மறந்ததை மற்றொன்று காத்துவைப்பதே அவை ஒருவருக்கு உரியவை என்பதைக் காட்டுகிறது. ஆகவே எதையும் உண்மையானது என்று தனியே பிரித்தெடுக்க முடியாது; எதையும் போலி என்று ஒதுக்கவும் முடியாது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதற்கெனத் தனி மருந்து இல்லை. உடன்வரும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மருந்து உதவலாம். முதன்மையான சிகிச்சை, நீண்டகால உரையாடல் சிகிச்சையே. முதலில் பாதுகாப்பையும் அன்றாட நிலைத்தன்மையையும் உறுதிசெய்து, அதன்பின் கொடிய நினைவுகளைச் சிறிது சிறிதாக அணுகி, இறுதியில் ஒருங்கிணைப்பை நோக்கிச் செல்வார்கள். தற்கொலை முயற்சிகள் இவர்களிடையே மிக அதிகம் என்பதால் முதல் கட்டத்தை அவசரப்படுத்தக் கூடாது. எல்லாரும் முழு இணைப்பை நாடுவதில்லை. பகுதிகள் ஒன்றையொன்று அறிந்து ஒத்துழைக்கும் நிலையிலேயே நிறைவாக வாழ்பவர்கள் இருக்கிறார்கள். இணைந்தாலும் எதுவும் அழிவதில்லை. ஒரு பகுதி சுமந்த சினமும் இன்னொன்று சுமந்த துணிவும் அந்த முழு மனிதருக்கு உரியவையாகின்றன. தொல்லைதரும் பகுதியை விரட்டிவிட முயல்வது பெரும்பாலும் நிலைமையை மோசமாக்கும் என்பதால், தேர்ந்த சிகிச்சையாளர் எல்லாப் பகுதிகளையும் சமமாக மதிக்கிறார். எந்தப் பகுதி செய்த செயலாக இருந்தாலும் அதற்கான பொறுப்பை அந்த ஒரே மனிதரிடமே வைக்கிறார்.