யாரைக் கேட்டு இந்த யூனிஃபார்ம்?

வணக்கம் அக்கா,

டல்லாஸ் பக்கத்துல இருக்கோம். என் பொண்ணுக்கு 12 வயசு, ரெண்டு வருஷமா ஒரு ஆல்ஸ்டார் சியர்லீடிங் ஜிம்ல இருக்கா, நல்லாவே பண்றா. இந்த சீசனுக்குப் புது யூனிஃபார்ம் வந்திருக்கு, வயிறு தெரியற கிராப் டாப், குட்டி ஸ்கர்ட். ஊர்லேந்து வந்திருக்கற மாமியார் அதைப் பாத்துட்டு ரெண்டு நாள் சரியா சாப்பிடல. இவர் ஜிம்மை விட்டு நிறுத்திடுங்கறார். பேரன்ட்ஸ் குரூப்ல ஒரு செட் எல்லாப் பொண்ணுங்களுக்கும் முழு டாப், லெகிங்ஸ்னு ரூல் கொண்டு வரணும்னு கையெழுத்து வாங்கறாங்க. இன்னொரு செட், குழந்தைங்களை ஏன் அந்தக் கண்ணோட பாக்கறீங்கன்னு சண்டைக்கு வராங்க. கோச் பேலன்ஸுக்கும் பிடிமானத்துக்கும் இதான் சரிங்கறாங்க. எனக்கு ரூல் வந்தா நல்லதுன்னுதான் படுது, நம்ம கல்ச்சரும் இருக்கில்ல. நான் கையெழுத்துப் போட்டதுலேந்து பொண்ணு எங்கிட்ட பேசறதில்ல. நான் பண்ணது தப்பா அக்கா? பேர் போடாதீங்க, ப்ளீஸ்.

---

அன்புள்ள தோழி,

உங்க கடிதத்தை மூணு தடவை படிச்சேன். மாமியார் என்ன நினைக்கறாங்கன்னு இருக்கு, உங்க வீட்டுக்காரர் சொன்னது இருக்கு, கோச் சொன்னது இருக்கு, குரூப்ல ரெண்டு பக்கமும் என்ன பேசினாங்கன்னும் இருக்கு, ஆனா அந்த டிரெஸ்ஸைப் போட்டுக்கிட்டு அத்தனை பேர் முன்னாடி நிக்கப் போற பொண்ணு என்ன சொன்னாங்கறது மட்டும் கடிதத்துல எங்கயுமே இல்ல. அவ பேசறதில்லன்னு எழுதியிருக்கீங்க, அதுக்கு முன்னாடி அவகிட்ட கேட்டீங்களான்னு எழுதல. நான் சொல்ல நினைக்கறது பூரா இந்த ஒரு இடத்தைச் சுத்தித்தான் இருக்கும், அதனால முதல்லயே சொல்லிடறேன், கோச்சுக்காதீங்க.

மாமியாருக்கு ஒண்ணு விளக்கிச் சொல்லுங்க. சியர்லீடர்னா நம்மாளுங்க மனசுல வர்றது டிவில ஃபுட்பால் மேட்ச் ஓரத்துல ஆடற டல்லாஸ் கௌபாய்ஸ் பொண்ணுங்கதான். முடிச்சுப் போட்ட மேல்சட்டை, குட்டை டிரவுசர்னு அந்த டிரெஸ் வந்தது 1972ல, அது வயசு வந்த பெண்கள் செய்யற ஷோ. உங்க பொண்ணு பண்ற ஆல்ஸ்டார் வேற, அது ஜிம் டீம்கள் தங்களுக்குள்ள மோதிக்கற போட்டி, ரெண்டரை நிமிஷத்துக்குள்ள குட்டிக்கரணமும் ஆளைத் தலைக்கு மேல தூக்கி நிறுத்தறதும் தூக்கிப் போட்டுப் பிடிக்கறதுமா மூச்சு வாங்கற விளையாட்டு. இதை முறையான விளையாட்டாவே அறிவிச்சு அதுக்குண்டான பாதுகாப்பெல்லாம் குடுக்கணும்னு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே 2012ல அறிக்கை விட்டாங்க, ஏன்னா அந்த அளவுக்கு அடிபடுது. 1898ல மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல இது ஆரம்பிச்சப்போ மைதான ஓரத்துல நின்னு டீமுக்கு உற்சாகமா கத்தினவங்க எல்லாம் ஆம்பளைங்க, பொண்ணுங்க உள்ள வந்ததே 1920கள்லதான், அப்பல்லாம் கம்பளி ஸ்வெட்டரும் நீளப் பாவாடையும்தான். டிரெஸ் மாறிக்கிட்டேதான் வந்திருக்கு, இதான் சியர் டிரெஸ்னு கல்லுல வெட்டி வெக்கல.

கோச் சொன்னதுல பாதி நியாயம் இருக்கு. தொளதொளன்னு இருக்கற டாப் தலைகீழா போறப்போ மூஞ்சில வந்து விழும், கீழேந்து தூக்கற பொண்ணோட கட்டைவிரல் துணியில மாட்டும், வழவழப்பான துணியில இடுப்பைப் பிடிச்சா கை நழுவும். அதனால ‘லூசா முழுசா மூடு’ன்னு கேக்கறது ஆபத்து, அதை விட்டுடுங்க. ஆனா வயிறு தெரிஞ்சாத்தான் ஸ்டண்ட் பண்ண முடியும்ங்கறது சரியில்ல. அமெரிக்கப் பள்ளி டீம்களுக்கு விதி எழுதற தேசியக் கூட்டமைப்பு, நேரா நிக்கறப்போ வயிறு மூடியிருக்கணும்னுதான் எழுதி வெச்சிருக்கு. உங்க டெக்சாஸ்ல இருக்கற ஹைஸ்கூல் டீம்களும் அந்த விதியிலதான் ஆடுது, அவங்களும் அதே மாதிரி ஆளைத் தூக்கி நிறுத்தறாங்க, பிரமிட் கட்டறாங்க. உடம்போட ஒட்டின முழு டாப் போட்டுக்கிட்டு எல்லாம் பண்ணலாம். இதை மீட்டிங்ல தைரியமா சொல்லுங்க.

அப்போ ரூல் வந்தா நல்லதுதானேன்னு கேப்பீங்க. உங்க ஊர்க் கதை ஒண்ணு சொல்றேன். 2005ல டெக்சாஸ் சட்டசபையில ஆல் எட்வர்ட்ஸ்னு ஹூஸ்டன் உறுப்பினர் ஒருத்தர், பள்ளி சியர்லீடர்ஸ் ஆபாசமா ஆடறதைத் தடுக்கணும்னு ஒரு மசோதா கொண்டு வந்தார். இந்த ஆட்டத்தாலதான் பசங்க படிப்புல கவனம் சிதறுது, பொண்ணுங்க சின்ன வயசுலயே கர்ப்பமாறாங்கங்கற மாதிரியெல்லாம் வாதம் போச்சு. கீழ்சபையில அது நிறைவேறவும் செஞ்சுது, அப்புறம் செனட்ல அப்படியே நின்னுபோச்சு. எது ஆபாசம்னு அந்த மசோதாவுல தெளிவா ஒரு வரையறை கிடையாது. யார் கண்ணுக்கு எப்படிப் படுதோ அதான் அளவுகோல். ஊர்ல நடக்கற அத்தனைக்கும் பதினஞ்சு வயசுப் பொண்ணு இடுப்பை ஆட்டறதுதான் காரணம்னு ஒரு சட்டசபையே உக்காந்து பேசினா, அந்தப் பொண்ணு தன் உடம்பைப் பத்தி என்ன கத்துக்கும்? அடக்கம்ங்கற பேர்ல வர்ற ரூல் இப்படித்தான் வழுக்கிக்கிட்டே போவும். ஆல்ஸ்டார் உலகத்துலயே 2012 வாக்குல டிரெஸ்ஸு, மேக்கப்பு, தலையில கட்டற ரிப்பன் எவ்வளவு பெருசுன்னெல்லாம் ஒழுங்கு பண்ணப் போனவங்க, கூடவே ஆம்பளப் பசங்க நாடகத்தனமா அசையறதைக் குறைச்சுக்கணும்னும் சொல்லப்போய் எதிர்ப்பு கிளம்புச்சு. பாவாடை நீளத்துல ஆரம்பிச்சு ஒரு பையன் கையை எப்படி அசைக்கணும்ங்கற வரைக்கும் போயிடுச்சு பாருங்க.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு. 2010ல கனெக்டிகட் மாநிலம் பிரிட்ஜ்போர்ட்ல ஒரு ஹைஸ்கூல் சியர் டீம் பொண்ணுங்க கல்வி வாரியக் கூட்டத்துக்கே போய் நின்னாங்க, எங்களுக்குக் குடுத்திருக்கற யூனிஃபார்ம்ல வயிறு தெரியுது, எங்களுக்கு இது கூச்சமா இருக்கு, மாத்திக் குடுங்கன்னு. டிரெஸ் எப்படியிருக்குன்னு காட்டறதுக்காக மேல போட்டிருந்த கோட்டைக் கழட்டிக் காட்டவேண்டி வந்துச்சு, அந்தப் பொண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. பொண்ணுங்க வேணாம்னு சொன்னதையும் போட வெச்சது பெரியவங்கதான். 2021ல நார்வே பெண்கள் பீச் ஹேண்ட்பால் டீம் பிகினிக்குப் பதிலா ஷார்ட்ஸ் போட்டு ஆடினாங்கன்னு 1,500 யூரோ அபராதம் போட்டாங்களே, ஞாபகம் இருக்கா? பிகினியோட பக்கவாட்டு அகலம் 10 சென்டிமீட்டருக்கு மேல போகக்கூடாதுன்னு ரூல்புக்ல எழுதியிருந்துச்சு. ஆம்பளைங்க மட்டும் முட்டி கிட்ட வரைக்கும் டிரவுசர் போட்டுக்கலாம். உலகம் பூரா சத்தம் போட்டப்புறம் அந்த வருஷக் கடைசிலயே ரூலை மாத்தினாங்க. மூடுன்னு சொன்ன எட்வர்ட்ஸும், கழட்டுன்னு சொன்ன ஹேண்ட்பால் சங்கமும் எனக்கு ஒரே வரிசையிலதான் தெரியறாங்க, ரெண்டு பேருமே ஆடறவளைக் கேக்கல.

குரூப்ல கையெழுத்து வாங்கறவங்க பாதுகாப்புக்காகன்னு சொல்றாங்களா? இதை மட்டும் கொஞ்சம் நிதானமா படிங்க. நெட்ஃபிளிக்ஸ் தொடர் ஒண்ணால உலகம் பூரா பேர் வாங்கின ஒரு சியர்லீடருக்கு 2022ல அமெரிக்க ஃபெடரல் கோர்ட் 12 வருஷ ஜெயில் குடுத்துச்சு, சின்ன வயசுப் பிள்ளைங்களைச் சீரழிச்சதுக்காக. பாதிக்கப்பட்டது ஆம்பளப் பசங்க. ஸ்கர்ட்டும் இல்ல, கிராப் டாப்பும் இல்ல. எல்லாருக்கும் லெகிங்ஸ் மாட்டிவிட்டாச்சு, இனி கவலையில்லன்னு நாம நிம்மதியா உக்காந்துட்டா பாக்கவேண்டியதைப் பாக்காம விட்டுடுவோம். கோச் பிள்ளைங்களுக்குத் தனியா மெசேஜ் அனுப்பறாங்களா, வெளியூர் போட்டிக்குப் போனா ஹோட்டல் ரூம்ல யார் யார் கூட, உடை மாத்தற இடத்துல யார் யார் போய் வராங்க, ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் மூடின கதவுக்குள்ள இருக்கற மாதிரி எப்பவாவது நடக்குதா, இதையெல்லாம் கேளுங்க. விளையாடற பிள்ளைங்களைக் கொடுமையிலேந்து காப்பாத்த 2018ல வந்த சேஃப்ஸ்போர்ட் சட்டப்படி சந்தேகம் வந்தாலே 24 மணி நேரத்துக்குள்ள புகார் குடுக்கணும், உங்க ஜிம்ல எத்தனை பேருக்கு அது தெரியும்னு கேட்டுப் பாருங்க. அதுக்கு ஒரு கையெழுத்து இயக்கம் நடத்தினா மொத ஆளா நான் போடறேன்.

கல்ச்சர்னு எழுதியிருந்தீங்க. எங்க பாட்டி வயல்ல கண்டாங்கி கட்டி வேலை செஞ்சவங்க, இடுப்பு தெரியத்தான் செஞ்சுது. நாம வயசுக்கு வந்தப்போ தாவணி கட்டிவிட்டு ஊரையே கூப்பிட்டுக் காட்டினாங்க. இடுப்பு தெரியறது நமக்குப் புதுசு இல்ல தோழி. எனக்கு அந்தத் தாவணியில உறுத்தினது என்னன்னா, கட்டிக்கறியான்னு யாரும் கேக்கல. இப்பவும் நீங்க கேக்கல, ஜிம்மும் கேக்கல.

எனக்கு இதுல இவ்வளவு வேகம் வர்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. என் பொண்ணும் மூணு வருஷம் சியர்ல இருந்தா. ஜிம் பேர் வேணாம். யூனிஃபார்முக்கு அளவெடுக்கற நாள்னு ஒரு நாள் வரும், எல்லாப் பிள்ளைங்களையும் வரிசையா நிக்க வெச்சு டேப் வெச்சு அளந்து, ஒருத்தர் நம்பரைச் சத்தமா சொல்ல இன்னொருத்தர் எழுதிக்குவாங்க. நான் எழுதற வேலைக்கு உக்காந்திருந்தேன். இடுப்பு அளவு சொல்றப்போ பின்னாடி நிக்கற பிள்ளைங்க காது குடுத்துக் கேக்கறதையும், தன் முறை வர்றப்போ மூச்சை உள்ள இழுத்துப் பிடிச்சுக்கறதையும் பாத்துக்கிட்டே எழுதினேன். பதினோரு வயசு. என் பொண்ணு அன்னிக்கு மதியம் கட்டிக் குடுத்த லெமன் சாதத்தைத் தொடவேயில்ல, டப்பா அப்படியே திரும்பி வந்துச்சு, நான் அதை என்னன்னு கேக்காம கழுவி வெச்சேன். அப்புறம் ஒரு வருஷம் கழிச்சுத்தான் எனக்கு உறைச்சுது. சவுத் கரோலினா பல்கலைக்கழகத்துக்காரங்க காலேஜ் சியர்லீடர்ஸ்கிட்ட ஒரு ஆய்வு பண்ணி 2012ல வெளியிட்டாங்க, அதுல சாப்பாட்டுக் கோளாறு வர்ற அபாயத்துல இருந்தவங்க ஏறக்குறைய மூணுல ஒருத்தர், தன் உடம்பு மேல அதிருப்தி ரொம்ப அதிகமா இருந்தது வயிறு தெரியற யூனிஃபார்மை நினைச்சுப் பாக்கறப்போதான். எனக்கு கிராப் டாப் மேல இருக்கற கோவம் இதுதான். அடக்கம் ஒழுக்கம்லாம் எனக்குக் கவலையில்ல, எத்தனை டப்பா தொடாம திரும்பி வருதுங்கறதுதான் கவலை.

அதனால நான் உங்க இடத்துல இருந்தா அந்தக் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்குவேன், ஆனா மீட்டிங்குக்குப் போவேன். எல்லாரும் மூடணும்ங்கற ரூலுக்குப் பதிலா, ஒரே கலர் ஒரே டிசைன்ல முழு டாப், கிராப் டாப் ரெண்டும் இருக்கணும், லெகிங்ஸும் வேணுங்கறவங்களுக்கு இருக்கணும், எதைப் போடறதுன்னு அந்தந்தப் பிள்ளை முடிவு பண்ணட்டும், ஏன்னு யாரும் கேக்கக்கூடாது, தனியா லெட்டர் எழுதிக் குடுத்தாத்தான் தருவோம்னும் இருக்கக்கூடாதுன்னு கேப்பேன். அளவெடுக்கறது ஒரு ரூமுக்குள்ள ஒவ்வொருத்தரா, நம்பரைச் சத்தமா சொல்லாம. ஸ்டேஜை விட்டு இறங்கினதும் போட்டுக்க ஜாக்கெட் கையோட இருக்கணும். டீம்னா ஒரே மாதிரி இருக்கணுமேன்னு யாராவது கிளம்புவாங்க, இருவது பிள்ளைங்க ஒரே நொடியில காலைத் தூக்கறப்போ அதுல ஒருமை தெரியாதா என்ன. இந்த யூனிஃபார்ம்ல இருக்கற கோடும் வரியும் யாருக்குச் சொந்தம்னு ரெண்டு கம்பெனிங்க சண்டை போட்டு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 2017ல தீர்ப்பே வந்திருக்கு. அதைப் போட்டுக்கற பிள்ளைக்கு இதுல என்ன உரிமைன்னு நான் போன ஒரு மீட்டிங்லயும் யாரும் எழுந்து கேட்டதில்ல, நானும் கேக்கல, அந்த வருத்தம் எனக்கு இன்னிக்கும் இருக்கு.

மீட்டிங்குக்கு முன்னாடி பொண்ணுகிட்ட பேசுங்க. வீட்ல உக்கார வெச்சுப் பேசாதீங்க, கார்ல போறப்போ கேளுங்க, மூஞ்சியைப் பாக்க வேண்டியதில்லன்னா இந்த வயசுல கொஞ்சம் வாய் திறப்பாங்க. உனக்கு அது பிடிச்சிருக்கா, எந்த இடத்துல இறுக்குது, யாராவது ஏதாவது சொன்னாங்களான்னு கேட்டுட்டு நீங்க சும்மா இருங்க. பிடிச்சிருக்குன்னு சொன்னா நம்புங்க, மாமியார்கிட்ட அவளுக்காக நீங்க பேசுங்க. கூச்சமா இருக்கு, ஆனா டீமை விட்டுடச் சொல்லிடுவீங்கன்னு பயந்து சொல்லலன்னு சொன்னாலும் சொல்லலாம், அப்படிச் சொன்னா டீமை விட்டு நிறுத்த மாட்டேன்னு மொதல்ல வாக்குக் குடுங்க.

உள்ள போட்டுக்கற பாடி லைனர்னு ஒண்ணு கிடைக்கும், மெல்லிசா கழுத்துலேந்து இடுப்பு வரைக்கும் வரும், மேல கிராப் டாப்பைப் போட்டாலும் வயிறு மூடியிருக்கும். ‘தோல் கலர்’னு போட்டு விக்கறது நம்ம பிள்ளைங்க தோலுக்குச் சேராது, வெள்ளையா திட்டுத்திட்டா தெரியும், நான் கெட்டி டீ டிகாக்‌ஷன்ல ராத்திரி பூரா ஊற வெச்சு நிழல்ல காயப்போடுவேன், மூணு தடவை முக்கினா சரியான கலர் வந்துடும். நைலான் கலந்த துணியா பாத்து வாங்குங்க, வெறும் பாலியெஸ்டர்னா சாயம் பிடிக்காது. என் பொண்ணோட லைனர் ரெண்டு, அலமாரில சும்மாதான் இருக்கு. அவளைக் கேட்டுட்டு, வேணும்னா சைஸ் எழுதுங்க, தபால்ல அனுப்பறேன்.