மூன்றாண்டா, ஐந்தாண்டா? உளவியல் படிக்க விரும்பும் மகளுக்காக ஒரு தாயின் கேள்வி

கேள்வி: ஆலங்குளம் அருகே ஒரு கிராமத்தில் பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. என் மகள் ஒன்றாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் தமிழ் வழியிலேயே படித்தவள். பிளஸ் டூவில் வரலாறு, பொருளியல், வணிகவியல் எடுத்து 600-க்கு 471 மதிப்பெண் பெற்றிருக்கிறாள். சைக்காலஜிதான் படிப்பேன் என்கிறாள். அது கிடைக்காவிட்டால் சோசியாலஜியாம். என் தம்பியோ பி.காம். சேர்க்கச் சொல்கிறான். இவள் கேட்கும் படிப்புக்கு வேலை உண்டா? கடையில் வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் படிக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், அதில் தயங்க ஒன்றுமில்லை. உளவியலை இனித் தபால் வழியிலோ இணைய வழியிலோ புதிதாகச் சேர்ந்து படிக்க முடியாது. மருத்துவம் சார்ந்த துணைத் தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டு ஆணையச் சட்டத்தின்கீழ் வரும் படிப்புகளுக்கு, 2025 ஜூலை-ஆகஸ்டு பருவத்திலிருந்து தொலைநிலைச் சேர்க்கை கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது. உளவியலும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. வீட்டிலிருந்தே சைக்காலஜி பட்டம் பெறலாம் என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால் பணம் கட்டிவிடாதீர்கள். சமூகவியல், பொருளியல், வரலாறு ஆகியவற்றுக்கு இந்தத் தடை இல்லை.

இந்தப் படிப்புகளுக்குள் என்ன வேறுபாடு என்பதை உங்கள் வீட்டுத் திண்ணையை வைத்தே விளக்கலாம். பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலி எப்படி முடிவாகிறது, கடையில் கழித்துப்போடும் பீடியின் நட்டம் யார் தலையில் விழுகிறது என்று கேட்பது பொருளியல். இந்தத் தொழில் ஏன் பெண்கள் கைக்கே வந்து சேர்ந்தது, எந்தத் தெருப் பெண் யாருடைய திண்ணையில் உட்காருகிறாள், அந்த வருமானத்தால் வீட்டில் அவள் சொல்லுக்கு மதிப்புக் கூடியிருக்கிறதா என்று கேட்பது சமூகவியல். நாளெல்லாம் ஒரே அசைவைச் செய்பவளின் கவனம் எப்படி இயங்குகிறது, இன்றைய கணக்கு முடியவில்லையே என்ற பதற்றம் அவளுடைய உறக்கத்தை என்ன செய்கிறது என்று ஆராய்வது உளவியல். அதே பெண்ணுக்குச் சேர வேண்டிய நல உதவியைப் பெற்றுத் தரும் முறையைக் கற்பிப்பது சமூகப்பணி. இவற்றில் எந்தக் கேள்வி தன்னை இழுக்கிறது என்று உங்கள் மகளே சொல்லட்டும். பாடத்தின் பெயரைக் கேட்டு வருகிற ஆசையைவிட அந்த விடை நம்பத்தக்கது. மக்களிடம் நேரில் சென்று கேட்டு எழுதும் வழக்கம் நம் நெல்லைச் சீமைக்குப் புதிதன்று. நாங்குநேரிக்காரரான நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை நெல்லை ஆய்வுக் குழுவைக் கூட்டி நடத்தியதும், பாளையங்கோட்டையில் பிறந்த தொ. பரமசிவன் தமிழ்ப் பேராசிரியராக இருந்துகொண்டே கோயிலையும் சடங்கையும் சமூகக் கண்கொண்டு பார்த்ததும் இங்கே பலர் அறிந்தவை. (இருவரும் சமூகவியல் துறையில் பணியாற்றியவர்கள் அல்லர் என்பதையும் கவனியுங்கள்.)

வேலை உண்டா என்ற கேள்விக்கு நேரான விடை இதுதான்: உளவியலிலும் சமூகவியலிலும் பட்டம் மூன்றாண்டு, படிப்பு குறைந்தது ஐந்தாண்டு. மூன்றாண்டு உளவியல் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் உளவியலாளராகிவிட முடியாது. மருத்துவ உளவியலாளர் என்று தொழில் செய்ய இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற வேண்டும். அதற்கு இதுவரை இருந்த வழக்கமான பாதை, எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. உளவியலுக்குப் பிறகு அந்தக் குழுமம் ஏற்ற இரண்டாண்டு எம்.ஃபில். ஆகும். அந்த எம்.ஃபிலுக்கு மானியக் குழு 2025-26 கல்வியாண்டு வரை மட்டுமே இசைவை நீட்டித்ததால், உங்கள் மகள் அந்தக் கட்டத்துக்கு வரும்போது படிப்பின் பெயரும் அமைப்பும் மாறியிருக்கும். ஆனாலும், எந்தக் கல்லூரி எந்தப் பெயரில் நடத்தினாலும் குழுமத்தின் ஏற்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய தேவை மாறாது. மூன்று மாதச் சான்றிதழை மாட்டிவைத்துக்கொண்டு பெயர்ப்பலகை தொங்கவிடுவோர் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து இது எளிய வழி என்று நினைத்துவிட வேண்டாம்.

சமூகப்பணியில் பாதை அந்த அளவுக்கு நீளமில்லை. எம்.எஸ்.டபிள்யூ. என்னும் இரண்டாண்டு முதுகலைக்குப் பெரும்பாலான இடங்களில் எந்தப் பட்டம் இருந்தாலும் போதும். வாரத்தில் இரண்டு நாள் அளவுக்குக் களப்பணியும் இருக்கும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், தொண்டு நிறுவனங்கள் ஆகியவை இப்படிப் படித்தவர்களைத் தேடுகின்றன. ஆனால் அவற்றில் பல பணிகள் தொகுப்பூதியத்தில் அமைந்தவை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 250 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் நல அலுவலர் இருந்தாக வேண்டும் என்கிறது, 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு. கங்கைகொண்டான், தூத்துக்குடிப் பக்கம் வேலை தேடும் சமூகப்பணிப் பட்டதாரிகள் அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். சமூகவியலைத் தொடர விரும்பினால், ஆலங்குளத்திலிருந்து திருநெல்வேலிக்கு வரும் பேருந்து தாண்டிவரும் அபிஷேகப்பட்டியில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே சமூகவியலுக்கும் குற்றவியலுக்கும் தனித் துறைகள் உண்டு. விடுதிச் செலவில்லாமல் முதுகலை படிக்க முடிவது உங்களைப் போன்ற குடும்பத்துக்குச் சிறிய செய்தியன்று.

இனி, பலரும் யோசிக்காத ஒன்று. தமிழ்நாடு அரசு வேலைவாய்ப்பில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு இடங்கள் முன்னுரிமையாக ஒதுக்கப்படுகின்றன. 2010-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2020-இல் வந்த திருத்தத்தின்படி, அந்தப் பணிக்கு உரிய கல்வித் தகுதி வரை முழுவதையும் தமிழ் வழியிலேயே படித்திருக்க வேண்டும். உங்கள் மகள் இதுவரை அந்தத் தகுதியைக் கெடுத்துக்கொள்ளவில்லை. உளவியல் பெரும்பாலும் ஆங்கில வழியில்தான் நடக்கிறது. அதில் சேர்ந்தால் பட்டம் கேட்கும் குரூப் 2 போன்ற தேர்வுகளில் இந்த முன்னுரிமை போய்விடும். பத்தாம் வகுப்பைத் தகுதியாகக் கொண்ட குரூப் 4 போன்ற தேர்வுகளில் மட்டும் அது நிற்கும். வரலாறு, பொருளியல் போன்றவற்றைத் தமிழ் வழியில் நடத்தும் கல்லூரிகள் நம் பக்கத்தில் கிடைக்கும். உளவியலுக்குக் கொடுக்கும் விலையில் இதுவும் ஒரு பகுதி என்று தெரிந்தே சேர வேண்டும்.

ஆசிரியராகும் எண்ணம் இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. வரலாறு, புவியியல் படித்தவர்கள் பட்டம் முடித்த கையோடு பி.எட். சேரலாம். உளவியல், சமூகவியல், பொருளியல், அரசியல் அறிவியல் படித்தவர்கள் முதுகலையும் முடித்த பிறகே சேர முடியும். உங்கள் தம்பி சொல்லும் பி.காமுக்கும் இதே விதிதான்.

கணக்குக்குப் பயந்து இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உளவியலில் திட்ட விலக்கம், ஒட்டுறவு என்று புள்ளியியல் தொடக்கத்திலேயே வந்து நிற்கும். மூளை, நரம்பு பற்றிய உயிரியலும் ஆய்வகச் சோதனைகளும் உண்டு. சமூகவியலில் ஆய்வு முறை என்ற பெயரில் அதே புள்ளியியல் சற்றுத் தாமதமாக வரும். உங்கள் மகளின் பொருளியல் மதிப்பெண்ணைவிட, அந்தப் பாடத்தில் வரும் அட்டவணையை அவள் பொறுமையாகப் படிப்பாளா என்பதே எனக்கு முக்கியம். ஆண்டுக்கணக்கில் வகுப்பெடுத்ததில் நான் கண்ட வேறொன்றும் உண்டு: தன் மனக்கலக்கத்துக்கு விடை தேடி உளவியலில் சேரும் பிள்ளைகள் சிலர் உண்டு. அதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஆனால் வகுப்பறை சிகிச்சை தராது. அப்படி ஏதேனும் இருந்தால் டெலிமானஸ் என்னும் அரசின் இலவச மனநல உதவி எண் 14416-இல் பேசலாம், பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் மனநல மருத்துவரையும் பார்க்கலாம். படிப்பை அதன்பின் முடிவு செய்யலாம்.

என் கருத்தைக் கேட்டால், ஐந்தாண்டு படிக்கவைக்க உங்களால் முடியுமா என்பதை வீட்டில் முதலில் பேசிக்கொள்ளுங்கள். முடியும் என்றால் அவள் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்க வேண்டாம். உளவியல் இடம் தொலைவில் கிடைத்து, விடுதிச் செலவு கட்டுப்படியாகாவிட்டால், அருகில் சமூகவியல் படித்துப் பிறகு எம்.எஸ்.டபிள்யூ. சேர்வது இரண்டாம்தர வழி ஆகாது. மூன்றாண்டில் சம்பாதித்தே ஆக வேண்டும் என்றால், தமிழ் வழியில் வரலாறு எடுத்து முதலாண்டிலிருந்தே அரசுப் பணித் தேர்வுக்குப் படிப்பது பி.காமை விடவும் அவளுக்குப் பொருந்தும் என்பேன். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள் ஆகையால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவளுக்கு உண்டு. எந்தப் பாடம் எடுத்தாலும் சேர்ந்தவுடன் கல்லூரி அலுவலகத்தில் அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

கட்டணம் கட்டும் முன் அந்தக் கல்லூரிக்கு ஒருமுறை அவளுடன் நேரில் போய்வாருங்கள். உளவியல் என்றால் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். சமூகவியல் என்றால் சென்ற ஆண்டு மாணவர்களைக் களப்பணிக்கு எந்த ஊருக்கு அழைத்துச் சென்றார்கள் என்று கேளுங்கள். பயிற்று மொழி எது என்பதை வாய்ச்சொல்லாகக் கேட்டு விட்டுவிடாமல் சேர்க்கை ஆணையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.